கீழ்மூலை மடிப்பு

மாரிமுத்துவுக்கு வேறு கிரகத்தில் ஒரு வீடு கிடைத்திருந்தால் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பான். கிடைக்கவில்லை. அதனால் ஓசூர் ஹவுசிங் போர்டில், என் வீட்டுக்கு எதிர்வரிசை மாடியில் குடியிருக்கிறான்.

நான் சென்னப்பன். ஓசூருக்குப் பக்கத்தில் பேரிகை ஊர்க்காரன். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கம்பெனியில் தமிழ் என்று வளர்ந்தவன். மாரிமுத்து சாத்தூர்ப் பக்கம். கல்யாணமான கையோடு பெண்டாட்டி இருளாயியைக் கூட்டிக்கொண்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியவன். நாங்கள் இருவரும் சிப்காட்டில் ஒரே ஃபோர்ஜிங் கம்பெனியில் வேலை பார்த்து ரிடையர் ஆனோம். அவன் சம்மட்டி மெஷினில் இரும்பை அடித்துப் போடுவான். நான் இன்ஸ்பெக்‌ஷனில் உட்கார்ந்து அதில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பேன். அடுத்தவன் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கிய ஆள் நான். ரிடையர் ஆன பிறகும் அந்தப் புத்தி போகவில்லை என்று என் வீட்டுக்காரி மாதேஸ்வரி சொல்வாள். போகாதுதான்.

மாரிமுத்துவிடம் நான் கண்ட பெரிய குறை, அவன் படிக்கிற புத்தகங்கள். ராக்கெட், ரோபோ, செவ்வாய் கிரகம், காலத்தில் பின்னால் போகிற மெஷின். அந்தக் காலத்தில் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் துணி கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்களே, மாத நாவல்கள், அந்தச் சரக்கு. அட்டையில் கண்ணாடிக் குல்லாய் போட்ட ஒருவன் இருப்பான். பக்கத்தில் சம்பந்தமே இல்லாமல் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். இதைப் போய் ஒரு ஆம்பிளை காசு கொடுத்து வாங்குவானா என்று நான் கேட்டால், இருளாயிதான் பதில் சொல்வாள்.

"குடும்பக் கதைதான் தண்ணிக் குழாயடியில தெனமும் ஓசியில கெடைக்குதேண்ணே. நட்சத்திரத்துக்குப் போயிட்டு வர எங்களுக்கு இது ஒண்ணுதான் வழி."

இருவருக்குமே அந்தப் பைத்தியம். யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று கடைசிவரை எனக்குத் தெரியாது.

அவர்கள் படித்த விதத்தைச் சொல்லவேண்டும். ஓசூரில் புருஷனும் பெண்டாட்டியும் கம்பெனிக்குப் போகிற வீடுகளில், கைக்குழந்தை இருந்தால் ஒரே ஷிப்டில் வேலை பார்க்க முடியாது. பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து யாரும் வரமாட்டார்கள். வந்தாலும் இந்தக் குளிரைப் பார்த்து ஒரே வாரத்தில் திரும்பிவிடுவார்கள். அதனால் அவள் முதல் ஷிப்ட் என்றால் இவன் இரண்டாவது ஷிப்ட். இருளாயி டிரான்ஸ்ஃபார்மருக்குக் காயில் சுற்றுகிற கம்பெனியில் இருந்தாள். மத்தியானம் அவள் கம்பெனி பஸ் எங்கள் ஸ்டாப்பில் வந்து நிற்கும். எங்கள் பஸ்ஸும் பின்னாலேயே வந்துவிடும். அவள் இறங்க, இவன் ஏற, நடுவில் குழந்தை தர்ஷினி கை மாறும். குழந்தையோடு ஒரு ஒயர்கூடையும் கை மாறும். கூடையில் பால் பாட்டிலுக்குப் பக்கத்தில் அந்த மாத நாவல் இருக்கும்.

ஒரே புத்தகத்தை இருவரும் படிப்பார்கள். அவன் நின்ற பக்கத்துக்கு மேல்மூலையை மடிப்பான். அவள் கீழ்மூலையை மடிப்பாள். நகர நகரப் பழைய மடிப்பை நிமிர்த்திவிட்டு நின்ற பக்கத்தைப் புதிதாக மடிப்பார்கள், முடித்தால் கடைசிப் பக்கத்தை. யார் முன்னால் போய்விட்டாரோ அவர் நிற்கவேண்டும், மற்றவர் வந்து சேரும் வரைக்கும் ஒரு பக்கம்கூடத் தாண்டக்கூடாது. இது அவர்கள் வீட்டுச் சட்டம். அவன் வேகமாகப் படிப்பான், அதனால் பெரும்பாலும் அவன்தான் நிற்பான். ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும்போது அதுவரைக்கும் படித்ததைப் பேசுவார்கள். அடுத்து இன்னது நடக்கும் என்று அவன் அடித்துச் சொல்வான். அது அப்படியே நடந்துவிட்டால், "எப்படிங்க கண்டுபுடிச்சீங்க!" என்று அவள் வாயைப் பிளப்பாள். அடுத்த வாரம் முழுக்க அவன் கம்பெனியில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிவான். எனக்கும் வேலைக்குப் போகாத மாதேஸ்வரிக்கும் இப்படிக் கை மாறுகிற தொல்லை இல்லை, இருந்தும் பேசிக்கொள்ள உப்பு புளியைத் தவிர எதுவும் இருந்ததில்லை. அவர்களைப் பார்த்தால் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் எரியும். அதனால்தான் அதிகமாகக் கிண்டல் செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

தர்ஷினி காலேஜில் படிக்கும்போது இருளாயிக்கு உடம்புக்கு வந்தது. ரத்தத்தில் கோளாறு. பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சேர்ப்பதற்குக் கொஞ்சம் முன்பு, கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், பழைய புத்தகக் கடையில் அவள் ஒரு நாவலைக் கண்டுபிடித்து வாங்கி வந்திருந்தாள். எத்தனையோ வருசத்துக்கு முன்னால் வந்த புத்தகம். எப்படியோ இவர்கள் இருவர் கண்ணுக்கும் அதுவரைக்கும் தப்பியிருந்தது. பெயர் 'நீ எழும்போது நான் இல்லை'. ஆஸ்பத்திரிக்குப் போன ஒயர்கூடையில் அதுவும் போயிற்று.

அந்தக் கதையை மாரிமுத்து எனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறான் என்று கணக்கே இல்லை. தூரத்தில் இருக்கிற ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு கப்பல் போகிறது. ஓட்டுவதற்கு ஒரு ஆணும் ஒரு பெண்ணும். ஒருவர் பத்து வருசம் முழித்திருக்கவேண்டும், அந்தப் பத்து வருசமும் மற்றவர் ஒரு பெட்டிக்குள் தூங்குவார். தூங்குகிறவருக்கு வயது ஏறாது. அவன் எழும்போது அவள் படுத்திருப்பாள், அவள் எழும்போது அவன் படுத்திருப்பான். பேசிக்கொள்ள முடியாது. மேசையில் ஒருவருக்கொருவர் ஏதாவது விட்டுவைத்துப் போவார்கள், அவ்வளவுதான்.

"நம்ம ஷிப்ட எழுதியிருக்கான்ணே!" என்று கம்பெனி பஸ்ஸில் அவன் என் தொடையில் அடித்துச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அப்போது அவனுக்கு நம்பிக்கை இருந்தது. இருளாயி தேறிக்கொண்டிருந்தாள், அல்லது அப்படித் தெரிந்தது.

கதை பாதியைத் தாண்டும்போது கப்பலில் இருக்கிற பெண் தன் முறை முடிந்து தூங்கப் போகிறாள். பெட்டியில் படுக்கிறாள். குளிர்கிறது என்கிறாள். மூடி மூடிக்கொள்கிறது. மூடிய பிறகு, பச்சையாக எரியவேண்டிய விளக்கு மஞ்சளாக எரிகிறது. பெட்டியில் ஏதோ பழுது. அந்தப் பக்கத்தில் இருளாயி கீழ்மூலையை மடித்திருந்தாள். மாரிமுத்து அந்தப் பக்கத்துக்கு வந்து சேர்வதற்குள் அவள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவன் அந்தப் பக்கம் வரைக்கும் படித்தான். அங்கே நின்றுவிட்டான். புத்தகத்தை ஒயர்கூடையிலேயே போட்டுப் பீரோவின் மேல் வைத்தான்.

நான் சும்மா இருப்பேனா. "படிச்சு முடிய்யா. அந்தப் பொம்பள எழுந்தாளா இல்லையான்னு எனக்கே தூக்கம் வர்ல" என்பேன்.

"அவ அந்தப் பக்கத்துல நிக்கிறாண்ணே. நான் மட்டும் எப்படித் தாண்டிப் போறது?"

கிறுக்கன் என்று நினைத்தேன். பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்தப் பக்கத்தில் நிற்கிற வரைக்கும் பெட்டிக்குள் இருப்பவள் சாகவில்லை. மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அடுத்த பக்கத்தைத் திருப்பினால் ஏதாவது ஒன்று முடிவாகிவிடும். அதற்கு அவனுக்குத் தைரியம் இல்லை. வருசக்கணக்காக அவன் அந்த மஞ்சள் விளக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

ரிடையர் ஆன பிறகு மற்றப் பழைய நாவல்களை எல்லாம் தூசி தட்டி எடுத்து முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தான். காலையில் ராமநாயக்கன் ஏரியைச் சுற்றி நடக்கும்போது, முந்தின நாள் படித்ததை என் காதில் போடுவான். கேட்பதற்கு வேறு ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்டுக்கொண்டேன், திட்டிக்கொண்டே.

'2010-ல் ஒரு கொலை' என்று ஒன்று. அதில் மெட்ராஸ் முழுக்கப் பறக்கும் கார். துப்பறிகிறவன் பறக்கும் காரை மேகத்தில் நிறுத்திவிட்டு, கீழே இறங்கி வந்து ஒரு ரூபாய் போட்டு போன் பேசுகிறான்.

"பெங்களூர் ரோட்டுல அத்திப்பள்ளி தாண்டறதுக்குள்ள ஒரு மணி நேரம் ஆவுது, பறக்கற காராம்!" என்றேன்.

"ஆமாண்ணே. இது செத்துப்போச்சு" என்று அவனே ஒப்புக்கொண்டான். "சின்ன வயசுல இத ரெண்டு தடவ படிச்சோம். இப்பப் பத்துப் பக்கத்துக்கு மேல ஓடல."

'இயந்திர மாப்பிள்ளை' என்று இன்னொன்று. ஒரு பணக்காரன் தன் மகளுக்கு ரோபோவைக் கட்டிவைக்கிறான், அது அழக் கற்றுக்கொள்கிறது. நாங்கள் ரிடையர் ஆவதற்கு முன்பு எங்கள் கம்பெனிக்கே ஒரு ரோபோ வந்துவிட்டது. கம்பி வலைக் கூண்டுக்குள் ஒற்றைக் கையோடு நிற்கும். ஆயுத பூஜைக்கு அதன் கையிலும் குங்குமம் வைத்து, காலடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினோம். அது அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. மூன்று பேர் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டது. அதனால் அந்த நாவலும் தோற்றுவிட்டது என்று நான் சொன்னேன்.

"முழுசாத் தோக்கலண்ணே. ஒரு எடத்துல அந்த ரோபோவ வாசல்ல நிக்கவச்சுட்டு எல்லாரும் ஊருக்குப் போயிடுவாங்க. உள்ள வான்னு சொல்ல யாருக்கும் ஞாபகம் வராது. மழையில நின்னுக்கிட்டே இருக்கும். அந்த ரெண்டு பக்கம் மட்டும் அப்படியே இருக்கு."

அவனுக்கு ரொம்பப் பிடித்தது ஒரு செவ்வாய் கிரகக் கதை. அங்கே வேலைக்குப் போனவர்கள் வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். தண்ணீருக்கு டோக்கன். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பேச்சு. அங்கேயே பிறந்த பிள்ளைகள் அப்பா அம்மாவின் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். ஒருவன் தினமும் வேலை முடிந்து வெளியே வந்து, வானத்தில் புள்ளியாகத் தெரிகிற பூமியைப் பார்த்து, அதில் தன் ஊர் இப்போது இந்தப் பக்கம் இருக்குமா அந்தப் பக்கம் இருக்குமா என்று கணக்குப் போடுகிறான். செவ்வாயில் கால்வாய் ஓடுகிறது, காற்று வீசுகிறது என்று சயின்ஸ் முழுக்கத் தப்பு. ஆறாவது படிக்கிற பிள்ளையே சிரிக்கும்.

"சயின்ஸ் தப்புத்தான். ஆனா அது நம்ம சிப்காட்தாண்ணே. அந்த ஆள் நான்தான்" என்றான்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. என் ஊர் பேரிகை, அரை மணி நேரத்தில் பஸ்ஸில் போய்விடலாம், பூமியைப் பார்த்துக் கணக்குப் போடுகிற தேவை எனக்கு இருந்ததில்லை. "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. உன் பொஸ்தகம், நீ அப்டித்தான் சொல்லுவ" என்றேன்.

"இல்லண்ணே, யோசிச்சுத்தான் சொல்றேன். மெஷினப் பத்தி எழுதுனதெல்லாம் கெட்டுப்போச்சு. யாராவது யாருக்காகவாவது காத்துக்கிட்டு நிக்கிற பக்கம் மட்டும் கெடல. எந்தப் பொஸ்தகத்த எடுத்தாலும் அப்படித்தான் இருக்கு."

"அதுக்கு எதுக்குயா ராக்கெட்டு? பஸ் ஸ்டாண்டுல நிக்கறவனப் பத்தி எழுதுனா ஆவாதா?"

அவன் ஏரியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தான். "பஸ் ஸ்டாண்டுல நின்னா அடுத்த பஸ் வந்துரும்ணே" என்றான்.

போன மாசி மாசம் அவன் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். தர்ஷினியும் அவள் புருஷன் ஆனந்தும் பெங்களூரிலிருந்து காரில் வந்து சாமான்களை ஒதுக்கிக் கொடுத்தார்கள். நல்ல பிள்ளை தர்ஷினி. என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள். அப்பாவின் புத்தகங்கள் நூல் விட்டு, ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துக் கிடப்பதைப் பார்த்து, அவனுக்குச் சொல்லாமல் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக் காரில் ஏற்றிக்கொண்டாள். வெள்ளையடிக்கிறவன் பீரோ மேலிருந்து இறக்கி வைத்த ஒயர்கூடைப் புத்தகமும் அதோடு சேர்ந்துவிட்டது. மாரிமுத்து தேடினபோது, "எல்லாம் பத்திரமா எங்கிட்ட இருக்குப்பா" என்று போனில் சொன்னாள். அவனும் நம்பினான்.

அவன் பிறந்தநாளுக்குப் புத்தகங்கள் திரும்பி வந்தன. சிவப்பு ரெக்சின் அட்டை, தங்க எழுத்து, கெட்டித் தையல். பெங்களூரில் பைண்டிங் செய்கிற ஒரு பெரியவர் செய்தாராம். தமிழ் படிக்கத் தெரியாதவர். செவ்வாய்க் கதையில் நடுவில் ஒரு பகுதி தலைகீழாகத் தைத்திருந்தது. அது பரவாயில்லை. ஆனால் மனுஷன் வேலையில் கெட்டிக்காரர், மடங்கியிருந்த ஒவ்வொரு மூலையையும் விரித்து, அழுத்தி, நேராக்கியிருந்தார். ஓரங்களையும் துளி வெட்டி ஒழுங்கு செய்திருந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

மாரிமுத்து மகளிடம் எதுவும் சொல்லவில்லை. "ரொம்ப நல்லாருக்கும்மா" என்று சொல்லிக் கேக்கை வெட்டினான். நானும் அங்கேதான் இருந்தேன். அவன் முகம் செத்திருந்தது.

மறுநாள் காலையில், நடக்கப் போகிற நேரத்துக்கு, அந்த ஒரு புத்தகத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். மாதேஸ்வரி களி கிண்டிக்கொண்டிருந்தாள். அவன் உட்காரவில்லை.

"அண்ணே, அவ மடிப்பு போச்சு."

"பக்கம் தெரியுமில்ல உனக்கு? மறுபடி மடிச்சுக்கோ."

"பக்கம் எனக்கு மனப்பாடம். மடிப்பு அவளோடதாச்சே. அவ கை கடைசியாத் தொட்டு மடிச்சது இந்த வீட்டுல அது ஒண்ணுதான் இருந்துச்சு." "உங்க கண்ணு கீறல் பாத்த கண்ணாச்சே. கோடாவது இருக்கான்னு பாத்துச் சொல்லுங்கண்ணே."

கிண்டல் எதுவும் எனக்கு வரவில்லை. ஜன்னல் ஓரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். இரும்பில் மயிரிழைக் கீறல் பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. நேராகப் பார்த்தால் தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி சாய்த்துப் பிடிக்கவேண்டும். தாளுக்கும் அதேதான். மஞ்சள் விளக்குப் பக்கத்தைச் சாய்த்தேன். கீழ்மூலையில் கோடு இருந்தது. ஒரு கோடு இல்லை, ஒன்றை ஒட்டி ஒன்றாக இரண்டு கோடு.

"ரெண்டு இருக்குதே?"

"அதான். அதான்ணே அவ. காயிலுக்கு நடுவுல வைக்கிற பேப்பர மடிக்கிற மாதிரி, மடிச்சத இன்னொரு மடிப்பு மடிப்பா. பிரிஞ்சு வராது. கையி அப்படியே பழகிருச்சு." அவன் அந்தக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தான். அவன் வந்த காரியம் முடிந்துவிட்டது. அப்படியே திரும்பிப் போயிருப்பான்.

ஆனால் நான் இன்ஸ்பெக்‌ஷன்காரன். ஒரு துண்டைப் பார்த்துவிட்டு நிறுத்துகிற பழக்கம் எனக்குக் கிடையாது, கையில் எடுத்தால் முழுவதையும் பார்த்துத்தான் கீழே வைப்பேன். கை தானாக அடுத்த பக்கங்களையும் சாய்த்துப் பார்த்தது. கொஞ்சம் தள்ளி, கீழ்மூலையில், இரண்டு கோடு. இன்னும் தள்ளி, இரண்டு கோடு. மூடிவைத்துவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டான். புத்தகத்தைப் பிடுங்கி அவனே வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினான். கடைசிப் பக்கத்தின் கீழ்மூலையிலும் இரண்டு கோடு இருந்தது.

"முடிச்சுட்டா" என்றான்.

விரலை அந்தப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டான்.

"நான் ஷிப்டுக்குப் போயிருந்தப்ப, ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு முழுசா முடிச்சுட்டா. சட்டத்த மீறிட்டா." சிரிக்கிற மாதிரி ஆரம்பித்தான், பாதியிலேயே முகம் கோணிவிட்டது. "அப்ப நான் இம்புட்டு வருசமா ஆளில்லாத ஸ்டாப்புலயாண்ணே நின்னேன்?"

எனக்கு அவனைப் பார்க்க முடியவில்லை. தாங்கமுடியாத வருத்தமாக இருந்தது. இத்தனை வருசம் அவனைப் படி படி என்று அரித்தவன் நான். இப்போது அவன் நின்ற இடத்தையும் நானே பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

மாதேஸ்வரி களிக் கோலோடு வாசற்படியில் வந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. கதை என்றால் டிவியில் வருவதுதான்.

"தம்பி, ஒண்ணு கேக்கறன். கடைசி வரைக்கும் போய்ட்டவ, எதுக்குத் திரும்பி வந்து அந்தப் பக்கத்துல மடிச்சு வச்சா?"

மாரிமுத்து அவளைப் பார்த்தான்.

"முடிச்சாச்சுன்னா பொஸ்தகத்த மூடி வச்சுட்டுப் படுத்திருக்கலாம் இல்ல? ஒடம்பு முடியாத பொம்பள. நீ வந்து தேடுவன்னு, வந்து நின்னுருக்கா. ஆளில்லாத ஸ்டாப்பாம். நல்லா சொன்ன போ."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள், களி அடிப்பிடிக்குமே என்று. மாரிமுத்து அப்போதுதான் உட்கார்ந்தான்.

"எப்படிங்க கண்டுபுடிச்சீங்கன்னு ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வாயப் பொளப்பாண்ணே" என்றான். "அப்ப அதெல்லாமும் இப்படித்தானா? எல்லாத்தையும் முன்னாடியே படிச்சுட்டுத் திரும்பி வந்து நின்னாளா?"

"தெரியலயே, மாரி" என்றேன். தெரிந்துகொள்ள வழியும் இல்லை. மற்றப் புத்தகங்களில் எல்லாப் பக்கத்திலும் இரண்டு பேர் மடிப்புக் கோடும் கிடக்கிறது, எது முந்தினது என்று கோடு சொல்லாது.

"கள்ளி" என்றான். அந்த வார்த்தையை அவ்வளவு ஆசையாக ஒருவன் சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு மஞ்சள் விளக்குப் பக்கத்தை எடுத்து, அடுத்த பக்கத்தைத் திருப்பினான். படித்தான். நான் களி சாப்பிட்டேன், பேப்பர் பார்த்தேன், வாசலில் போய் நின்றுவிட்டு வந்தேன். அவன் தலை நிமிரவில்லை. இருளாயி அவனுக்கு முன்னால் அதே பக்கங்களில் போயிருக்கிறாள் என்று தெரிந்துதான் படித்தான். நடுநடுவே கீழ்மூலையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டான், அவள் எங்கெங்கே நின்று மூச்சு வாங்கினாள் என்று. வெயில் ஜன்னலை விட்டுத் தரைக்கு வந்தபோது, கடைசிப் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டான்.

"நீங்க படிங்கண்ணே. சத்தமா."

நான் என் வாழ்நாளில் படித்த ஒரே ராக்கெட் கதை அந்த ஒரு பக்கம்தான். என் தமிழில் தெலுங்கு வாடை அடிக்கும் என்று கம்பெனியில் கேலி செய்வார்கள். அந்த வாடையோடேயே படித்தேன்.

பெட்டியின் மூடி திறக்கிறது. அவள் கண் விழிக்கிறாள், படுத்தபோது இருந்த அதே வயதில். எதிரே வெள்ளைத் தாடியோடு ஒரு கிழவர் நிற்கிறார். 'நீங்கள் யார்? அவர் எங்கே?' என்று கேட்கிறாள். பழுதான அவள் பெட்டிக்குத் தன் பெட்டியின் மின்சாரத்தையும் கொடுத்துவிட்டு, அத்தனை வருசமும் தூங்காமல் முழித்தே இருந்தவர் தான்தான் என்று கிழவர் சொல்லவில்லை. 'உங்கள் முறையையும் அவரே சேர்த்துப் பார்த்துவிட்டார்' என்கிறார். 'கரை தெரிகிறது. ஜன்னலில் போய்ப் பாருங்கள். நான் கொஞ்சம் தூங்குகிறேன்.' அவ்வளவுதான். அதற்குக் கீழே முற்றும் என்று போட்டிருந்தது.

"அவ எந்திரிச்சுட்டாண்ணே" என்றான் மாரிமுத்து. கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. "டபுள் ஷிப்ட் பாத்திருக்கான்."

நான் அவன் நரைத்த தலையைப் பார்த்தேன். அவன் வீட்டுச் சுவரில் மாலை போட்டுத் தொங்குகிற இருளாயியின் படம் ஞாபகம் வந்தது. அதில் அவளுக்கு ஒரு நரைகூட இல்லை. எழுதினவன் எவனோ, மின்சாரத்தைப் பற்றி, தூக்கத்தைப் பற்றி, நட்சத்திரத்தைப் பற்றி ஆயிரம் தப்பு எழுதியிருப்பான். நான் குறை ஒன்றும் சொல்லவில்லை.

மாரிமுத்து புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கினான். கடைசிப் பக்கத்தில் மடிப்பான் என்று நினைத்தேன். மடிக்கவில்லை. பின்னால் திருப்பிக்கொண்டே போய் மஞ்சள் விளக்குப் பக்கத்துக்கு வந்தான்.

"முடிச்சுட்டியே, அப்பறம் எதுக்கு அங்க போற?" என்றேன்.

"அவளும் முடிச்சுட்டு இங்கதாண்ணே வந்தா."

மேல்மூலையை மடித்தான். பிறகு கீழ்மூலையை எடுத்து, அவளுடைய கோட்டின் மேல் விரலை வைத்தான். அழுத்தக்கூட வேண்டியிருக்கவில்லை. பழகின தாள், முதல் கோட்டில் ஒரு தடவையும் இரண்டாவது கோட்டில் ஒரு தடவையும் தானாகவே மடங்கிக்கொண்டது.